பாதிக் கட்டடத்தில் கரன்ட், பாதிக் கட்டடத்தில் கடப்பாரை: பள்ளியைப் புதுப்பிக்கும்போது மின்வேலை ஏன் இவ்வளவு சிக்கல்?

கோடை விடுமுறை தொடங்கிய மறுநாளே பல பள்ளிகளின் வாசலில் ஜல்லி கொட்டிவிடுவார்கள். கையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, பழைய ஓட்டைப் பிரித்து, சுவரைப் பூசி, புது வயர் இழுத்துவிட்டால் ஜூனில் மணி அடிக்கும்போது எல்லாம் ரெடி. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கும். மே கடைசி வாரம் போய்ப் பார்த்தால் பெயின்ட் முடிந்திருக்கும், கொடிக்கம்பம்கூட பளபளவென்று நிற்கும். சுவிட்ச் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாலு வயர் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நாலில் எதில் கரன்ட் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு அந்த வளாகத்தில் யாராவது ஒருவர் உடனே பதில் சொன்னால், அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது. "தெரியலையே, எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தாத்தான் தெரியும்" என்று பதில் வந்தால், பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே பிள்ளைகளை விடக்கூடாது.

புதிதாகக் கட்டும் கட்டடத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே பள்ளிக்கான கரன்ட் வரும். முழுதாக இடிக்கும் கட்டடத்திலும் குறைவு. இணைப்பைத் துண்டித்துவிட்டு இடிக்கலாம். சிக்கல், இயங்கிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய பள்ளியைப் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கும்போதுதான். பழைய லைனும் புது லைனும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து உயிரோடு இருக்கும் சில வாரங்கள் வரும். அந்த இடைப்பட்ட நாட்களை எப்படிக் கையாள்வது என்பதில்தான் மொத்த மின்வேலையின் நிர்வாகமும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது இப்போது நிறையப் பள்ளிகளின் கதை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை தொடங்கியது. 2022-23 பட்ஜெட்டில், 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்னொரு பக்கம் ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப், இன்டர்நெட். ஆக, கட்டடமும் மாறுகிறது, அது கேட்கும் கரன்ட்டும் மாறுகிறது.

லீவு என்பது உண்மையில் எத்தனை நாள்?

மாணவர்களுக்கு விடுமுறை என்றால் பள்ளிக்கும் விடுமுறை என்று நினைப்பதுதான் திட்டமிடலில் விழும் முதல் ஓட்டை.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், பள்ளிகள்தான் வாக்குச்சாவடி. அதே சமயத்தில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்கள், அவையும் பள்ளிகளில்தான். மே 5 நீட் தேர்வு. ஜூன் 9 டிஎன்பிஎஸ்சி குரூப் 4. மறுநாள், ஜூன் 10, பள்ளி திறப்பு. இத்தனைக்கும் அந்த ஆண்டு முதலில் ஜூன் 6 என்று அறிவித்து, வெயில் காரணமாகத் தள்ளிப்போட்டார்கள். எல்லாப் பள்ளியும் எல்லாவற்றுக்கும் மையமாக இருக்காது. ஆனால் இதில் ஒன்றோ இரண்டோ வந்து விழாத பெரிய பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெயிலை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. 2023ல் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12க்குப் போனது. "எப்படியும் ஒரு வாரம் தள்ளிப்போடுவாங்க சார்" என்ற நம்பிக்கையில் இருந்தவர்களுக்கு 2025ல் ஜூன் 2 அன்றே பள்ளி திறந்தது.

தேர்வு நாளில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 மே 4 அன்று நீட் தேர்வின்போது ஆவடியில் ஒரு மையத்தில் மழையால் மின்சாரம் தடைபட்டது. மறுதேர்வு கேட்டு மாணவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், கோரிக்கை தள்ளுபடியானது. அங்கே காரணம் மழை. ஆனால் வேலை நடக்கும் பள்ளியில் யாரோ ஒருவர் தவறான மெயினை இறக்கினாலும், உள்ளே உட்கார்ந்திருக்கும் மாணவருக்குக் கிடைப்பது அதே இருட்டுதான்.

அதனால் அனுபவம் உள்ள பொறியாளர்கள் சிமென்ட் கணக்கு போடுவதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் ஒரு காலண்டரைக் கேட்பார்கள். எந்தத் தேதியில் எந்த பிளாக்கில் யார் இருப்பார்கள்? அன்று எந்த லைன் கண்டிப்பாக ஓட வேண்டும்? அதைச் சுற்றித்தான் மற்ற வேலைகளை அடுக்குவார்கள்.

முதல் வேலை வயர் இழுப்பது இல்லை, தேடுவது

எழுபது எண்பது வயதான ஒரு பள்ளியில் மின்சாரம் ஒரே நாளில் வந்திருக்காது. நடு ஹாலுக்கு ஒரு காலத்தில், முன்னாள் மாணவர்கள் கட்டிக்கொடுத்த பிளாக்குக்கு இன்னொரு காலத்தில், சத்துணவுக் கூடத்துக்குத் தனியாக, கம்ப்யூட்டர் லேபுக்குப் பிறகு. ஒவ்வொன்றும் வந்த காலத்தின் பழக்கம் சுவரில் அப்படியே இருக்கும். மர ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர். பீங்கான் ஃபியூஸ் கட்டை. எர்த் துளையே இல்லாத இரண்டு துளை பிளக். முறுக்கி டேப் சுற்றிவிட்ட இணைப்பு. நடுநடுவே பளிச்சென்று ஒரு புது பிளாஸ்டிக் போர்டு, போன வருடம் யாரோ செய்து கொடுத்தது.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் தனித்தனியாக ஃபியூஸ் போடும் பழக்கம் இருந்தது. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஃபேஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். "லைட்டு எரியல, அதனால கரன்ட் இல்ல" என்று கை வைப்பவருக்கு அது சொல்லிக்கொண்டு அடிக்காது.

எனவே கடப்பாரை எடுப்பதற்கு முன் ஒரு வரைபடம் வேண்டும். வளாகத்தில் எத்தனை மீட்டர்? ஒவ்வொரு மீட்டரும் எங்கே போகிறது? ஒவ்வொரு சுவிட்சும் எந்த அறையை அணைக்கிறது? இதைச் செய்ய பெரிய கருவி வேண்டாம். ஒருவர் மெயின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், இன்னொருவர் போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு அறையாகச் சோதனைக் கருவியோடு நடக்க வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தும் ஆசைதான் பின்னால் ஆளை அடிக்கிறது.

மெயினை இறக்கிய பிறகும் உயிரோடு இருப்பவை ஒரு தனிப் பட்டியல். லேபில் யுபிஎஸ், அலுவலகத்தில் இன்வெர்ட்டர், இரண்டுக்கும் பேட்டரி இருக்கிறது. மெயின் போனதும் அவை தானாக விழித்துக்கொள்ளும், அதுதானே அவற்றின் வேலை. கூரையில் சோலார் இருந்தால், வெளி மின்சாரம் நின்றதும் கிரிட் இன்வெர்ட்டர் நின்றுவிடும், சரி. ஆனால் பேனலில் இருந்து இன்வெர்ட்டர் வரை வரும் டிசி கேபிள்? சூரியன் இருக்கும்வரை அதில் மின்னழுத்தம் இருக்கும். சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது.

கரன்ட் எவ்வளவு வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு

ஒரு பழைய வகுப்பறையில் நாலு ட்யூப்லைட், நாலு ஃபேன் என்று வைத்துக்கொள்வோம். சோக்கோடு சேர்த்து ட்யூப்லைட் ஒன்று சுமார் 50 வாட், ஃபேன் சுமார் 75 வாட். ஓர் அறைக்கு 500 வாட். 20 அறைக்கு 10 கிலோவாட்.

இதையே எல்இடி (சுமார் 20 வாட்), பிஎல்டிசி ஃபேன் (சுமார் 30 வாட்) என்று மாற்றினால் அறைக்கு 200 வாட்தான். 20 அறைக்கு 4 கிலோவாட். அடேங்கப்பா, பாதிக்கு மேல் மிச்சம்!

கொஞ்சம் பொறுங்கள். அறைக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு, சுமார் 300 வாட். 20 அறைக்கு 6 கிலோவாட். மிச்சம் பிடித்தது போன இடம் தெரியவில்லை. அதற்கு மேல் 20 கம்ப்யூட்டர் உள்ள லேப் 3 கிலோவாட், அந்த லேபுக்கு இரண்டு ஏசி 3 அல்லது 3.5 கிலோவாட், தண்ணீர் மோட்டார், ஆர்ஓ, கேமரா. 18 கிலோவாட்டைத் தொட்டுவிடும்.

இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன் போட்டால், அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த மின்வாரியத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். (2024 முதல் அதிகாரபூர்வப் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஊர் வாயில் இன்னும் ஈபிதான்.) விண்ணப்பம், கள ஆய்வு, எஸ்டிமேட், பணம் கட்டுவது, தேவைப்பட்டால் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுவது என்று இது தனியாக ஓடும் ஒரு கடிகாரம். இதை மே மாதம் தொடங்குகிறவர் ஜூனில் பழைய சர்வீஸ் வயரிலேயே புது லேபை ஓட்ட வேண்டிவரும்.

ஒரு பிளம்பர் எர்த்தை அறுத்த கதை

கட்டடம் புதுப்பிக்கும்போது மின் பாதுகாப்பைக் கெடுப்பவர் எலக்ட்ரீஷியனாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பழைய கட்டடங்களில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடும் வழக்கம் இருந்தது. குழாய் மண்ணுக்குள் போகிறது, கரன்ட்டும் மண்ணுக்குப் போகும் என்ற கணக்கு. அது நல்ல முறை இல்லை என்றாலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

புதுப்பிக்கும் வேலையில் பிளம்பர் வருகிறார். துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிவிசி போடுகிறார். அவர் வேலையை அவர் சுத்தமாகத்தான் செய்தார். ஆனால் பிவிசி கரன்ட்டைக் கடத்தாது. அந்த நிமிடத்தில் முழு பிளாக்குக்கும் எர்த் போய்விட்டது. எந்த விளக்கும் அணையவில்லை, எந்த ஃபேனும் நிற்கவில்லை, எந்த ஃபியூஸும் போகவில்லை. ஒருநாள் தண்ணீர் மோட்டாரில் கசிவு வரும்போது, குழாயடியில் ஈரக்காலோடு நிற்கும் பிள்ளைதான் அதை முதலில் தெரிந்துகொள்ளும்.

பிளம்பர் மட்டும் இல்லை. பின்புறம் எர்த் குழி இருக்கும் இடத்தில் பேவர் பிளாக் பதித்து மூடிவிடுவது இன்னொரு வகை. பார்க்க நன்றாக இருக்கிறது. அதற்கப்புறம் அந்தக் குழியைத் திறந்து சோதிக்கவோ, இணைப்பைச் சுத்தம் செய்யவோ ஆளுக்கு இடமே தெரியாது.

எர்த் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. மே மாத வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் மோசமான நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் அளந்து அளவு சரியாக வந்தால் வருடம் முழுக்க நம்பலாம். மழைக்கு மறுநாள் அளந்து "சூப்பரா இருக்கு சார்" என்று எழுதிக்கொடுப்பது அரை உண்மைதான்.

சாவி யார் கையில்?

இப்போது அந்த இடைப்பட்ட வாரங்களுக்கு வருவோம். கிழக்கு பிளாக்கில் வேலை, மேற்கு பிளாக்கில் அட்மிஷன் நடக்கிறது. கிழக்கு பிளாக்கில் எலக்ட்ரீஷியன் ஏணி மேல் நிற்கிறார், மெயின் இறக்கப்பட்டிருக்கிறது. அலுவலகத்தில் ஒருவருக்கு பிரின்ட் எடுக்க வேண்டும். "ஏன் கரன்ட் இல்ல?" என்று வந்து பார்க்கிறார். மெயின் கீழே இருக்கிறது. உதவி செய்வதாக நினைத்துத் தூக்கிவிடுகிறார்.

இதைத் தடுக்க உலகம் முழுக்க உள்ள வழி ஒன்றுதான்: இறக்கிய சுவிட்சைப் பூட்டு போட்டுப் பூட்டுவது, அதில் "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவது, சாவியை வேலை செய்பவரே தன் பையில் வைத்துக்கொள்வது. ஈபி ஊழியர்கள் கம்பத்தில் ஏறும் முன் "லைன் கிளியர்" வாங்குவது இதே தத்துவம்தான்; கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பதிவு இருக்கும். பள்ளி வளாகத்தில் அது ஒரு நூறு ரூபாய்ப் பூட்டும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். செலவு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அது யாருடைய எஸ்டிமேட்டிலும் ஒரு வரியாக வராது.

பூட்டியாயிற்று. அப்போதும் தொடுமுன் சோதிக்க வேண்டும். பழைய கட்டடங்களில் "கடன் வாங்கிய நியூட்ரல்" என்று ஒரு தொல்லை உண்டு. வராண்டா விளக்குக்கு ஃபேஸ் ஒரு ஃபியூஸிலிருந்து வந்திருக்கும், நியூட்ரல் மட்டும் பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் ரூம் லைனிலிருந்து எடுத்திருப்பார்கள், அப்போதைக்கு வயர் மிச்சம். இப்போது ஸ்டாஃப் ரூமை அணைத்துவிட்டு அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரித்தால், வராண்டா விளக்கு வழியாக வரும் மின்சாரம் அந்த முனையில் காத்திருக்கும். அணைத்த அறையில் ஷாக் அடிப்பது இப்படித்தான்.

மூன்று ஃபேஸ் இணைப்பில் மெயின் நியூட்ரல் கழன்றால் கதை இன்னும் பெரியது. பேனல் இடம் மாற்றும் அவசரத்தில் நியூட்ரலைச் சரியாக முறுக்காமல் விட்டால், ஒரு ஃபேஸில் மின்னழுத்தம் இறங்கும், இன்னொன்றில் 230ஐத் தாண்டி 400 வோல்ட் பக்கம் ஏறும். போன மாதம் வந்த கம்ப்யூட்டர்கள் ஒரே நிமிடத்தில் புகையும்.

அப்புறம் கட்டுமான வேலைக்கான கரன்ட். கட்டிங் மெஷின், வெல்டிங், வைப்ரேட்டர் எல்லாவற்றுக்கும் பக்கத்து வகுப்பறை பிளக்கில் வயரைச் சொருகி, கழன்றுவிடாமல் தீக்குச்சி செருகும் காட்சி எல்லோரும் பார்த்ததுதான். பெரிய கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும், அதற்குக் கட்டண விகிதமும் வேறு. கட்டணத்தை விட முக்கியமான காரணம் வேறு இருக்கிறது. தனி இணைப்பு, தனி பெட்டி, அதில் தனி ஆர்சிடி என்று இருந்தால் கட்டுமானப் பக்கம் என்ன கோளாறு வந்தாலும் அது அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். இல்லாவிட்டால் மேஸ்திரியின் அறுந்த வயரும் ஒன்றாம் வகுப்பு ஃபேனும் ஒரே லைனில் இருக்கும். அதிலும் கோடையில், புதிதாகப் பூசிய சுவருக்கும் தளத்துக்கும் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பார்கள். அந்தத் தண்ணீர் ஓடும் தரையில்தான் டேப் சுற்றிய வயரும் கிடக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்லாமல் கான்கிரீட் போட்டால்?

தளத்துக்குக் கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், இடையில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் கிடைக்கும். அதற்குள் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்துவிட வேண்டும். சிவில் வேலை ஒருவருக்கு, மின்வேலை இன்னொருவருக்கு என்று ஒப்பந்தம் பிரிந்திருந்தால், "நாளைக்குக் காலையில காங்கிரீட்டு" என்ற தகவல் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எலக்ட்ரீஷியனுக்கு வரும். சில சமயம் வராது. பிறகு புதுத் தளத்தின் அடியில் டிரில் போட்டு, கம்பியில் இடித்து, பைப்பை வெளியே ஓட்டி, "ஏன் இப்படி இருக்கு?" என்று ஆய்வுக்கு வந்தவர் கேட்கும்போது ஆளாளுக்கு மற்றவரைக் கை காட்டுவார்கள்.

சுவரிலும் ஒரு வரிசை இருக்கிறது. பூசுவதற்கு முன் கட்டிங் அடித்து பைப், பூச்சு காய்ந்த பிறகு வயர், முதல் கோட் பெயின்ட்டுக்குப் பிறகு சுவிட்ச். இதில் ஒன்று முன்பின் ஆனால் பூசியதை உடைக்க வேண்டும், அல்லது சுவிட்ச் எல்லாம் பெயின்ட் ஆகும்.

பழைய சென்னைப் பள்ளிகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் விதியே வேறு. தேக்கு உத்தரங்கள், மேலே சாய்வாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை. நூறு வருடம் தாங்கிய உத்தரத்தில் பைப்புக்காக ஓட்டை போடுவதும், சுண்ணாம்புச் சுவரில் ஆழமாகக் கட்டிங் அடிப்பதும் கட்டடத்தையே பலவீனமாக்கும். அங்கே சுவர் மேல் வெளியே தெரியும்படி நேராக ஓட்டிய பைப்தான் நல்லது. "கண்ணுக்கு அழகா இல்லையே" என்பார்கள். பழுது வந்தால் சுவரை உடைக்காமல் திறந்து பார்க்கலாம் என்பது அந்த அழகை விடப் பெரிய லாபம்.

மாடி கூட்டும் பள்ளிகள் தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். வளாகத்துக்கு மேல் லைன் போனால், மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி சாதாரண தாழ்வழுத்த லைனுக்குக் கட்டடத்துக்கு மேலே 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் மேலே 3.7 மீட்டர். தரைத்தளத்துக்குப் போதுமாக இருந்த இடைவெளி முதல் மாடி எழும்பியதும் காணாமல் போகும். சாரம் கட்டும் இரும்புக் குழாயை நிமிர்த்திப் பிடிப்பவருக்கு அதற்கும் முன்னாலேயே ஆபத்து.

"டிரிப் ஆகிட்டே இருக்கு, எடுத்துவிட்டுடலாமா?"

புது போர்டில் எம்சிபி இருக்கிறதே, போதாதா? போதாது. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் மின்னோட்டம் போனால்தான் விழும், அதாவது 16,000 மில்லியாம்பியர். ஒரு மனிதரின் உயிருக்கு ஆபத்து வர சில பத்து மில்லியாம்பியர் போதும். எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்சிடி. போன கரன்ட் முழுதாகத் திரும்பி வந்ததா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால், யாரோ ஒருவர் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ போகிறது என்று நொடியின் சிறு பகுதியில் துண்டித்துவிடும். மின்வாரிய அறிவிப்புகளில் இதற்குப் பெயரே "உயிர் காக்கும் சாதனம்". (ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையில் பிடித்தால் மட்டும் அதற்கு வித்தியாசம் தெரியாது.)

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பழைய வயரிங்கைப் புது ஆர்சிடியோடு இணைக்கும் நாளில். அந்தக் கடன் வாங்கிய நியூட்ரல் நினைவிருக்கிறதா? ஒரு ஆர்சிடி வழியாகப் போன கரன்ட் இன்னொரு ஆர்சிடி வழியாகத் திரும்பும். இரண்டும் "கணக்கு உதைக்குது" என்று விழும். பழைய வயரில் மழை ஈரத்தால் கசிவு இருந்தாலும் விழும். வகுப்பு நடுவே நாலு தடவை விழுந்தால் ஐந்தாவது தடவை ஒருவர் வந்து, ஆர்சிடியைச் சுற்றி நேராக ஒரு வயரைப் போட்டுவிட்டுப் போவார். எல்லாம் நன்றாக எரியும். கோளாறு எங்கே என்று கத்திக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை அடைத்தாயிற்று.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு லைனாகப் பிரித்து எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அதனால்தான் பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ஆர்சிடி இணைக்கக்கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது எல்லா ஃபேன், லைட், கம்ப்யூட்டரையும் ஓடவிட்டுப் பார்க்க இடைவெளி வேண்டும்.

சுவிட்சைப் போட்டால் எரியுது. அவ்வளவுதானே?

எரிவது ஒரு சோதனையே இல்லை. எர்த் இல்லாத லைனும் எரியும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியதும் எரியும். ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியது காகிதத்தில் அளவுகள். 500 வோல்ட் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும், குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். அப்போது எல்இடியும் கம்ப்யூட்டரும் இணைப்பில் இருக்கக்கூடாது, போய்விடும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் நிஜமாகவே குழி வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும், அதோடு கருவி வைத்து எத்தனை மில்லியாம்பியரில் விழுகிறது என்றும் அளக்க வேண்டும். இதில் கையெழுத்துப் போடுபவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரராக இருக்க வேண்டும். "எங்க சித்தப்பா பையன் நல்லா வயரிங் பண்ணுவான்" என்பது தகுதிச் சான்று ஆகாது.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். டிபி கதவின் உள்பக்கம் எந்த சுவிட்ச் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வகுப்புப் பெயரை எழுதாமல் அறை எண்ணை எழுதுவது நல்லது. இந்த வருடம் 6-பி உட்காரும் அறையில் அடுத்த வருடம் 9-ஏ இருக்கும், அறை எண் மாறாது. சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்று மூடுவதற்கு முன் போனில் எடுத்த படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை கரும்பலகை மாட்ட ஆணி அடிப்பவர் தப்பிப்பார்.

பள்ளி நிர்வாகமோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரோ இதில் என்ன செய்ய முடியும் என்றால், எலக்ட்ரிக்கல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று கேள்வி போதும். இன்று எந்த பிளாக்கில் கரன்ட் இல்லை? அந்தப் பூட்டின் சாவி யாரிடம்? எர்த் குழி எங்கே, காட்டுங்கள்? பதில் சொல்ல யோசிக்கிறார்கள் என்றால், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் தடுப்பு கட்டச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஜூனில் எல்லாச் சோதனையும் சரியாக வந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெருமழை அக்டோபரில்தான். காய்ந்த சுவரில் வராத கசிவு, வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் நனைந்து, மாடிப்படி விளக்கு பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கும்போது வரும். ஒப்பந்தத்தில் குறைபாடுகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் என்று ஒன்று எழுதியிருப்பார்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் ஒப்பந்ததாரரை மெகரோடு வரச்சொல்ல அந்த வரி போதும். வராண்டா, கழிப்பறை, மோட்டார் அறை, சத்துணவுக் கூடம், இந்த வரிசையில் அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.